கோட்டைக்காரருக்கு முன்பே வந்தவர்கள்

அரிமளத்தில் பார்க்கத் தகுந்த பழைய இடம் எது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால், கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் அதிஷ்டானத்துக்கு வழி காட்டுவார்கள். 1831-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஒரு துறவி வந்து தங்கிய இடம் அது. வேதாந்தப் பாடம் சொல்வதிலும் கோயில் திருப்பணிகளிலும் காலத்தைக் கழித்த அவர், ‘நிஜானந்த விலாசம்’ என்ற நூலை எழுதியவர். 1878-இல் அரிமளத்திலேயே சமாதியானார்.

அவருடைய மாணவர்களில் ஒருவருடைய எழுத்து இன்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவர் வாயிலும் புழங்குகிறது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளைதான் அந்த மாணவர். 1891-இல் அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரப் பகுதியிலிருந்து எடுத்ததுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. அந்த நாடகத்தில் அரசனுக்குக் குருவாக வரும் சுந்தர முனிவர், அரிமளத்தில் அடங்கியிருக்கும் சுந்தர சுவாமிகளை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம் என்று சொல்வது வழக்கம்.

நாடகக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. பாண்டிய மன்னன் ஜீவகன், அமைச்சன் குடிலன் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குத் தலைநகரை மாற்றி, அங்கே ஒரு பெருங்கோட்டை கட்டுகிறான். இனி எந்தப் பகையும் அணுகாது என்று பூரித்துப்போகிறான். முனிவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. பூசைக்கென்று அரண்மனையில் ஓர் அறையை மட்டும் கேட்டு வாங்கி, தம் ஆசிரமத்திலிருந்து அந்த அறைக்கு யாருக்கும் தெரியாமல் சுரங்கம் அமைக்கிறார். போரில் கோட்டை தோற்கிறது. கதையின் முடிச்சு அவிழ்வது அந்தச் சுரங்க வழியில்தான்.

லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவியது நாடகம். புதுக்கோட்டைச் சீமையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனாலும் அரிமளத்திலிருந்து அரை நாள் பயணமாகக் கிளம்புகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைக்காது. இந்த வட்டாரத்தில் பார்க்க வேண்டியவை இரண்டே வகை: மன்னர்கள் கட்டிய கோட்டை, துறவிகள் ஒதுங்கிய குகை. இரண்டும் ஒரே மாதிரிப் பாறையைத்தான் தேடிப் போயிருக்கின்றன. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் துறவிகள்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. புதுக்கோட்டை வட்டாரம் பெரும்பாலும் தட்டையான செம்மண் பூமி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஆறு. மழைநீரைத் தேக்கி வைத்த கண்மாய்களை நம்பித்தான் விவசாயம். அந்தச் சமவெளியில் அங்கங்கே, எந்த மலைத்தொடரோடும் சேராமல், தனித்தனிக் கருங்கல் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. ஐப்பசி அடைமழையில் கண்மாய்கள் நிறைந்து வயல்கள் தண்ணீரில் நிற்கும்போது மேலிருந்து பார்த்தால், குன்று ஒவ்வொன்றும் தீவுதான். உச்சியில் நின்றால் நாலாபுறமும் வருகிறவன் தெரிவான். பாறைக் குழிகளில் சுனைநீர் தேங்கும். ஊரைப் பார்த்துக்கொண்டே ஊரை விட்டு விலகி இருக்கலாம். தளபதிக்கும் துறவிக்கும் வேண்டியது இதேதான்.

கடல் சூழ்ந்த நாடுகளிலும் இதே கதை உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்பார்ன் என்றொரு தீவு; ஓதம் வடிந்தால் மட்டும் கரையிலிருந்து நடந்து போகலாம். 635-இல் ஐடன் என்ற துறவி அங்கே மடம் அமைத்தார். 793-இல் வைக்கிங்குகள் கடல்வழியாக வந்து அதைக் கொள்ளையடித்தார்கள். மடம் மீண்டும் தழைத்து, பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது முடிந்தது. அதன்பின் அதே தீவின் பாறை மேட்டில் ஒரு கோட்டை எழுந்தது. இடிந்த மடத்துக் கற்கள் அதற்குப் பயன்பட்டன. துறவி கண்ட இடத்துக்குப் படை பின்னால் வந்து சேர்ந்தது.

திருமயத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. இங்கே துறவியிடத்தில் சாமி.

அரிமளத்திலிருந்து மேற்கே போனால் வெயில் ஏறுமுன் திருமயம் வந்துவிடலாம். பேருந்தில் வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது கோட்டையின் வடபுற மதில், அதை ஒட்டிய பைரவர் சந்நிதி. நெடுஞ்சாலையில் ராமேஸ்வரம் போகிறவர்களும் காரைக்குடிக்குப் போகிறவர்களும் வண்டியை நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டு, உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போவார்கள். கோட்டைக்குள் ஏறிப் பார்க்காதவர்கள்கூட இந்தப் பைரவரைப் பார்க்காமல் போவதில்லை. கோட்டைக் காவலுக்கு இன்றுவரை பணியில் இருக்கிறவர் அவர் ஒருவர்தான். கோட்டையின் பிரதான வாசல் தென்புறம். அங்கேயும் அனுமார், கணபதி, கருப்பர் என்று காவலுக்குக் குறைவில்லை.

கோட்டையைக் கட்டியவர் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, ஆண்டு 1687. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் அவர். மதுரை நாயக்கர்களின் பிடியிலிருந்து மறவர் சீமையை விடுவித்துக்கொண்டவரும் அவரே. ஓரியூரில் 1693-இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் தலை வெட்டப்பட்டது அவர் ஆட்சியில்தான். கள்ளர் குலத்துக் காதலி நாச்சியாரை மணந்துகொண்டு, அவருடைய உடன்பிறந்தார் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதிக்கு அதிபதியாக்கியவரும் அவரே. புதுக்கோட்டைத் தொண்டைமான் வமிசம் அந்தக் கலியாணத்தில் தொடங்கியது என்று சொன்னால் தவறில்லை. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணையும்வரை அந்த வமிசம் ஆண்டது.

மைத்துனருக்குச் சீமையைக் கொடுத்த சேதுபதி, அந்தச் சீமைக்குத் தெற்கே தம் கையில் ஒரு கோட்டையை வைத்துக்கொண்டார். குடும்ப உறவையும் அரசியலையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத மனிதர். ஏறக்குறைய 40 ஏக்கரில், குன்றைச் சுற்றி வட்ட வட்டமாக மதில்கள். ஒரு காலத்தில் ஏழு சுற்று என்று சொல்வார்கள். இன்று எஞ்சியவை நான்கு. அடியில் பாறையை அப்படியே அடித்தளமாகக் கொண்டு மேலே கல்லும், அதற்கு மேலே செங்கல்லும் வைத்து எழுப்பிய சுவர். சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் சட்டென்று சொல்ல முடியாது. உச்சியில் ஒரு மேடை, மேடையில் ஒரு பீரங்கி. திருமயம் போய்வந்தவர்கள் வீட்டில் உள்ள புகைப்படங்களில் பத்துக்கு எட்டு அந்தப் பீரங்கியின் பக்கத்தில் நின்று எடுத்ததாகத்தான் இருக்கும்.

கோட்டை எப்படித் தொண்டைமான் கைக்கு வந்தது? சண்டை போட்டல்ல. கிழவன் சேதுபதி 1710-இல் இறந்த பிறகு, 1720-களில் ராமநாதபுரத்தில் பட்டத்துக்கு வாரிசுப் போட்டி மூண்டது. ஒருபக்கம் பவானி சங்கரன், மறுபக்கம் தண்டத்தேவன். தொண்டைமான் தண்டத்தேவன் பக்கம் நின்றார். அந்த உதவிக்குக் கைமாறாகத் திருமயம் கிடைத்தது. தண்டத்தேவனுக்குப் பட்டம் நிலைக்கவில்லை. தொண்டைமானுக்குக் கோட்டை நிலைத்தது.

நிலைத்த கோட்டை விரைவிலேயே வேலைக்கு ஆனது. 1730-களில் தஞ்சை மராத்தியர் படை தளபதி ஆனந்தராவ் தலைமையில் புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தபோது, அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்த விஜயரகுநாதத் தொண்டைமான் திருமயத்துக்குள் ஒதுங்கினார். நாடெங்கும் பகைவன் கையில். மன்னர் இந்தப் பாறையில். படை வெளியே பாசறை போட்டுக் காத்திருந்து, கடைசியில் திரும்பிப் போனது. இந்தக் கோட்டை கட்டிய காசுக்கு வேலை செய்த ஒரே தருணம் அதுதான் என்று சொல்லலாம்.

ஊரார் வாயில் இதன் பெயர் ஊமையன் கோட்டை. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை இங்கே இருந்தார், சிறைப்பட்டிருந்தார் என்று பலவிதமாகக் கதை உண்டு. வரலாறு சொல்வது கொஞ்சம் சங்கடமானது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் 1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில்தான். பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தது தொண்டைமானின் ஆட்கள். அந்த ஆண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்து, 1801 பிப்ரவரியில் தப்பி, பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எழுப்பிப் போரிட்டு, மருது சகோதரர்களோடு சேர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் தூக்குமேடை ஏறினார். கம்பெனியின் நண்பராக நின்றவரின் கோட்டை கம்பெனியின் எதிரி பெயரால் வழங்குகிறது. யார் பெயரை வைத்துக்கொள்வது என்று ஜனங்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள் போலும்.

ஆனால் அந்த நட்புதான் கோட்டையைக் காப்பாற்றியது. பாளையக்காரர் போர்களுக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சியைக் கம்பெனி தரைமட்டமாக்கியது. தெற்கே பல பாளையங்களின் கோட்டைகளுக்கும் அதே கதி. திருமயம் தப்பியது. நட்புக்கு வேறு சம்பளமும் கிடைத்தது. இதே திருமயம் வட்டாரத்தில் கீழாநிலைக் கோட்டை என்று ஒன்று உண்டு. அதையும் கட்டியவர் கிழவன் சேதுபதிதான். தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டை மூவரும் மாறி மாறிப் பிடித்த எல்லைக் கோட்டை அது. பாளையக்காரர் போரில் செய்த உதவிக்கு என்ன வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது, தொண்டைமான் கேட்டது கீழாநிலையும் அதைச் சேர்ந்த பகுதியும். 1803-இல் கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. யானையை யாரும் கேட்டு வாங்கவில்லை. 1836-இல் அந்த நிபந்தனையையே தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தக் கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. அரிமளத்துக்காரர்கள்கூட அங்கே அதிகம் போவதில்லை.

திருமயத்தில் பீரங்கிக்குப் போகும் வழியில், குன்றின் மேற்குச் சரிவில், மருந்துக்கிடங்காக இருந்த ஓர் அறை வருகிறது. அதற்கு எதிரே, நிமிர்ந்து பார்த்தால் பாறையில் குடைந்த ஒரு சிறு சதுர அறை. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். உள்ளே சதுர ஆவுடையோடு ஒரு லிங்கம். வேறு சிற்பம் இல்லை, அலங்காரம் இல்லை. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமல் மேலே போய்விடுவார்கள். வெடிமருந்தைக் காக்க வந்தவன் பாறையில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, உளியோடு ஒருவன் இந்த உயரத்துக்கு ஏறி வந்திருக்கிறான்.

உண்மையான பழைய திருமயம் கோட்டைக்குக் கீழே இருக்கிறது. குன்றின் தென்சரிவில், ஒரே பாறையில், அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள்: சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள். சிவன் குகை ஏழு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. லிங்கத்துக்கு எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலான லிங்கோத்பவர். இந்தக் காலத்துக் குடைவரைகளில் அது அபூர்வம். பெருமாள் குகையில் பாறையோடு பாறையாக நீண்டு பள்ளிகொண்ட திருமேனி. பின்சுவர் முழுதும் தேவர், முனிவர் கூட்டம். ஒரு மூலையில் மது, கைடபர் என்ற இரு அசுரர்கள் ஆதிசேடன் கக்கும் தீக்கு அஞ்சி ஓடுகிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. முத்தரையர் குலத்துப் பெரும்பிடுகு பெருந்தேவி என்ற அரசி இந்தக் கோயிலைப் புதுப்பித்து நிலம் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. 1887-இல் இதே ஊரில் பிறந்து, பெருமாளின் பெயரையே தாங்கிச் சென்னை மேயராகவும் காமராசருக்கு அரசியல் ஆசானாகவும் விளங்கியவர் தீரர் சத்தியமூர்த்தி.

பாறை ஒன்று, சாமி இரண்டு. வருவாயில் சண்டை வராமல் இருக்குமா? சைவர்களுக்கும் வைணவர்களுக்கும் நெடுங்காலம் நீண்ட வழக்கு, வரும்படியையும் உரிமைகளையும் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதுதான். 1245-இல், மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்தில், போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் நாட்டாரும் ஊராரும் கூடி அதைத் தீர்த்துவைத்தார்கள். வருவாயைப் பங்கு பிரித்து, இரண்டு கோயிலுக்கும் எல்லை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள். இன்றும் ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். கர்நாடகத்திலிருந்து வந்த படைத்தலைவன் பாண்டிய நாட்டுக் கோயில் வழக்கில் நடுவராக உட்கார்ந்தது எப்படி என்றால், அந்த ஆண்டுகளில் போசளர் கண்ணனூர்க் கொப்பத்தில் தளம் அமைத்துச் சோழ, பாண்டிய அரசியல் இரண்டிலும் கைவைத்திருந்தார்கள்.

சிவன் குகைச் சுவரில் இன்னொரு கல்வெட்டும் இருந்தது. சங்கீதத்தைப் பற்றிய கல்வெட்டு. சுரங்களின் பெயர்கள், பரிவாதினி என்ற வீணை ஆகியவற்றைச் சொல்லும் கிரந்த எழுத்துகள். அதன் பெரும்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, அதே இடத்தில் 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலக் கல்வெட்டை வெட்டியிருக்கிறார்கள். அங்கங்கே மீந்த சில எழுத்துகளை வைத்துத்தான் அது இசைக் கல்வெட்டு என்று கண்டுபிடித்தார்கள். சுவரில் இடமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்தவருக்கு அது பழைய, யாருக்கும் புரியாத எழுத்து. படையெடுத்து வந்தவன் அழித்ததல்ல. கோயிலைச் சேர்ந்தவர்களே, தங்கள் காரியத்துக்காக அழித்தது.

இங்கிருந்து புதுக்கோட்டைக்கு வடக்கே 20 கிலோமீட்டர். அங்கிருந்து, சமணத் துறவிகள் ஒதுங்கிய குன்றான சித்தன்னவாசலுக்கு வடமேற்கே மேலும் 15 கிலோமீட்டருக்குச் சற்று கூட. காலைப் பலகாரத்தைப் புதுக்கோட்டையில் முடித்துக்கொள்வது உத்தமம். சித்தன்னவாசலில் பாறை சுடத் தொடங்கினால் ஏறுகிறவர் பாடு திண்டாட்டம்.

சித்தன்னவாசல் குன்று வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அடிவாரத்துக் காட்டில் கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், தாழி புதைத்த இடங்கள். சமணர் வருவதற்கு முன்பே இங்கே மனிதர் வாழ்ந்து செத்த அடையாளங்கள். கீழ்ப்புறத்திலிருந்து ஏறி, முகட்டைத் தாண்டி, மேற்குச் சரிவில் செங்குத்தாக இறங்கும் விளிம்பை ஒட்டி நடந்தால் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். இப்போது இரும்புக் கம்பி பிடித்துக்கொண்டு போகலாம். அந்தக் காலத்தில் கம்பி கிடையாது. வழுக்கினால் கீழே நேராகச் சமவெளி.

உள்ளே தாழ்வான இயற்கைக் குகைத்தளம். தரையில் 17 கற்படுக்கைகள், வழவழவென்று இழைத்தவை. தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்திவிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரியதும் பழையதுமான படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டை ஒட்டியது. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் ஊர் இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது செய்தி. எருமைநாடு என்றால் இன்றைய மைசூர்ப் பக்கம். அங்கிருந்து நடந்தே வந்த ஒரு மனிதர் இந்த விளிம்பில் படுத்திருக்கிறார்.

மற்றப் படுக்கைகளில் எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தில் வேறு பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன், ஸ்ரீபூரணசந்திரன். முதல் கல்வெட்டுக்கும் இந்தப் பெயர்களுக்கும் இடையில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலமும் இந்தக் குகையில் ஆள் இருந்திருக்கிறார்கள், அல்லது திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். சமணத் துறவிக்குச் சொந்தமாக இருக்கக்கூடியது மயிற்பீலியும் கமண்டலமும். உண்ணாநோன்பு இருந்து உயிர் விடுவதற்கென்றே இப்படிப்பட்ட இடங்களைத் தேடியவர்களும் உண்டு. திருமயம் கோட்டை தொண்டைமான்களுக்கு உதவிய காலத்தைத் தாராளமாகக் கணக்கிட்டால்கூட நூறு ஆண்டு தேறாது.

படுக்கைகளின்மேல் இன்று கம்பி வலை. அதற்கு முன்னால் வந்தவர்கள் தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் பாறையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்ரீபூரணசந்திரன் காலத்துப் பழக்கம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

திரும்பி வரும் வழியில் சரிவில் ஒரு சுனை: நாவற்சுனை. அதன் தண்ணீருக்குள் ஒரு சிறு குடைவரை மூழ்கிக் கிடக்கிறது. உள்ளே ஒரு லிங்கம். நீரை இறைத்தால்தான் சாமி தெரியும். சமணர் குன்றிலும் சிவன் இப்படி ஓர் இடம் பிடித்திருக்கிறார்.

குன்றின் மேற்குப் பக்கத்துச் சரிவின் கீழே அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. ஓவியத்தால் பெயர் பெற்றது. புதுக்கோட்டை வரலாறு எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-லேயே இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் து. அ. கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராயும் வந்து பார்த்து எழுதியபின் உலகத்துக்குத் தெரிந்தது. துப்ராய் இதைப் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தது என்றார். பல்லவர் பெயருக்கு இருந்த மவுசில் எல்லாரும் அப்படியே ஒத்துக்கொண்டார்கள். பின்னர் கோயிலின் முகப்புப் பாறையில் 17 வரிக் கல்வெட்டு ஒன்று கவனத்துக்கு வந்தது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்று அது சொல்கிறது. குடைந்தது முன்னால், தீட்டியது பின்னால் என்று கணக்கு மாறியது. மகேந்திரனுக்குப் போயிருந்த புகழ் ஒரு சமண ஆசிரியருக்கு வந்து சேர்ந்தது.

விதானத்தில் ஒரு தாமரைக்குளம். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில், நல்லுயிர்கள் இறங்கிக் களிக்கும் குளம் அது. தாமரை இலைகளுக்கிடையில் மீன், வாத்து, எருமை, யானை. மூன்று ஆண்கள் பூப்பறிக்கிறார்கள். சாத்திரம் சொன்னதை ஓவியன் வரைந்திருக்கிறான், ஆனால் பார்த்து வரைந்தது தன் ஊர்க் கண்மாயை. தூண்களில் இரண்டு நடன மாதர், ஓர் அரசன், அவன் தேவி. சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவி, மஞ்சள், மரக்கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று கையில் கிடைத்த பொருள்களால் தீட்டியவை. 1937-39-இல் கே. ஆர். சீனிவாசன் புகையும் அழுக்கும் நீக்கிச் சுத்தம் செய்வித்தார். சாயங்களை வேதியியல் முறையில் ஆராய்ந்தவர் எஸ். பரமசிவன். இப்போது பெரும்பகுதி மங்கிவிட்டது. முதல்முறை வருகிறவர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, காவலர் விளக்கு காட்டினால்தான் மீனைக் கண்டுபிடிப்பார்.

இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் காலத்தில் விழுந்துவிட்டது. வெயிலும் மழையும் நேராக உள்ளே அடித்தன. சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் முயற்சியில், குடுமியான்மலையிலிருந்து பழைய தூண்களைக் கொண்டுவந்து இப்போதுள்ள முன்மண்டபத்தைக் கட்டினார்கள். விவரம் தெரியாதவர் அவையும் சமணர் காலத்துத் தூண்கள் என்று நினைத்துக்கொண்டு போவார். கருவறையில் மூன்று திருவுருவங்கள்; இரண்டு தீர்த்தங்கரர், ஒருவர் ஆசாரியர். நடுவில் நின்று ‘ஓம்’ என்று மெல்லக் கூட்டிச் சொன்னால் அறை முழுதும் அதிரும். எல்லாரும் சொல்லிப் பார்க்கிறார்கள், பள்ளிப்பிள்ளைகள் கூட்டமாக வந்தால் காவலருக்குப் பொறுமை போகும்.

இத்தோடு அரை நாள் தீர்ந்துவிடும். மதியத்துக்கு மேலும் தெம்பு இருந்தால் அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்குப் போகலாம். அங்கே சிகாநாதர் கோயிலுக்குப் பின்புறம், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், வலம்புரிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் 38 வரிகளில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பண்களுக்கான சுரக்கோவைகள் ஏழு பிரிவாக, கிரந்த எழுத்தில்; உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் பயிலுவோர் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது. திருமயத்துச் சுவரில் கொத்தி எடுத்ததும் இதே காலத்து, இதே வகை எழுத்து. குடுமியான்மலையில் அந்தப் பாறையை வேறு காரியத்துக்கு யாரும் கேட்கவில்லை.